அம்மா குளித்துவிட்டு வரும்வரை திண்ணையில் காத்திருந்தோம்

கேள்வி:

என் அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1946-ல் பிறந்து, 58 வயதில், 2004 ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். பெரும்பாலும் பிரசவ வார்டுதான். சுற்றுப்பட்டு கிராமங்களில் ‘நர்சம்மா’ என்றால் அவர்தான். சென்ற வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாங்கள் லுத்தரன் சபை. அம்மா ஞாயிறு ஆராதனையைத் தவறவிட மாட்டார். நைட் டூட்டி முடித்து வந்தாலும் குளித்து, வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிடுவார். குளிக்காமல் கோயில் படி ஏறியவர் இல்லை. அப்பா போன பிறகு குடும்பம் முழுவதையும் அவர்தான் பிடித்து வைத்திருந்தார்.

அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. அம்மாவின் சரித்திரத்தை எழுதிப் பத்து நிமிடம் வாசிக்க வேண்டும் என்று ஐயர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சின்னதாக ஒரு நினைவு மலரும் போடலாம் என்கிறார் அண்ணன். நான் தமிழாசிரியை என்பதால் பொறுப்பு என் தலையில். மூன்று வாரமாக நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. ‘அன்பின் சிகரம், தியாகத்தின் திருவுருவம்’ என்று எழுதுகிறேன், அடிக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அம்மாமேல் கோபம் இருக்கிறது. சின்ன வயதில் அவர் எங்களோடு இருந்த நேரம் குறைவு. டூட்டி முடிந்து வருவதைப் பார்த்து ஓடினால் ‘கிட்ட வராதே’ என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். குளித்து வரும்வரை திண்ணையில் காத்திருப்போம். பல நாள் அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். என் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் சபை முன்னால் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) குருத்தோலை ஞாயிறன்று நடந்தது. மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் எல்லாம் முன்வரிசையில். என் அம்மா கடைசிப் பாட்டுக்குத்தான் வார்டு சேலையோடு வந்து கதவோரம் நின்றார். எனக்கு அப்போது 14 வயது. சுனாமி அன்று கோயிலிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஆறு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. இதையெல்லாம் எழுதலாமா? ‘சபையில நாலு பேர் என்ன நினைப்பாங்க’ என்கிறார் அண்ணன்.

இன்னொன்று. அடக்கத்தன்று நான் அழவில்லை. இன்றுவரை அழவில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?

அம்மாவின் பைபிள் முன்பக்கத்தை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் சேலையில் குத்திக்கொள்ளும் கடிகாரம் என்னிடம்தான் இருக்கிறது. அவரோடு வேலை பார்த்த ஆயா ஒருவர் சீர்காழிப் பக்கம் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர்.

வாசகி (வயது 54), மயிலாடுதுறை மாவட்டம்

மனநல ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படிக்கும் முன்னால் நகலைத்தான் பார்த்தேன். வீட்டுப் பைபிளின் முன்பக்கத்தில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த ஐயரின் பெயர் எழுதி வைப்பது உங்கள் சபைக் குடும்பங்களில் வழக்கம். (மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: தரங்கம்பாடி, பொறையாறு, மயிலாடுதுறைப் பக்கத்து லுத்தரன் சபையில் போதகரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வார்கள்.) உங்கள் அம்மா அந்த வழக்கத்தோடு நிற்கவில்லை. உங்கள் பெயருக்கு நேரே இருப்பதை இங்கே அப்படியே எடுத்தெழுதுகிறேன்: ‘இரவு 2.40. பெண். 2 கிலோ 600. உடனே அழுதது.’

இந்தக் கடைசி இரண்டு வார்த்தை உங்களுக்கு விசித்திரமாகப் பட்டிருக்கலாம். மருத்துவமனைகளில் மனநலச் சமூகப் பணியாளராகப் பல வருடம் இருந்தவள் என்பதால் எனக்குப் பழக்கமான வார்த்தை. பிள்ளை பிறந்ததும் நேரம், ஆணா பெண்ணா, எடை, உடனே அழுததா என்று பிரசவ அறையில் குறிப்பு எழுதுவார்கள். அழுதால் மூச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். அழாத பிள்ளையைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டி, மூக்கிலும் வாயிலும் இருப்பதை உறிஞ்சி எடுத்து மூச்சு வரவைக்கப் பாடுபடுவார்கள். அந்தச் சில விநாடிகளில் அறையில் ஒருவரும் பேச மாட்டார்கள். ‘உடனே அழுதது’ என்பது அந்த அறையின் மிகப் பெரிய நல்ல செய்தி. உங்களைப் பெற்றுப் போட்டுவிட்டு, உடம்பு ஓய்ந்து கிடந்த அந்த நிலையிலும் உங்கள் அம்மா நேரம் பார்த்திருக்கிறார், உங்கள் குரலைக் கேட்டிருக்கிறார். கேட்டதை மறக்காமல் பைபிளில் எழுதியும் வைத்திருக்கிறார்.

மூன்று வாரமாக நீங்கள் தேடும் முதல் வரி இதுவாக இருக்கட்டும். இதிலிருந்து தொடங்குங்கள்.

அழுகை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மனதில் கிடந்து உறுத்தும்வரை உங்களால் எழுத முடியாது. கண்ணீர் வராததால் கோளாறு என்று ஆகிவிடாது. துக்கம் சிலருக்குக் கண்ணில் வரும், சிலருக்கு முதுகுவலியாகவும் தூக்கக் குறைவாகவும் வரும், சிலருக்கு எரிச்சலாக வரும். வீட்டில் ஒருவர் சமையலையும் ஐஸ்பெட்டியையும் கல்லறைக்குழி வேலையையும் வந்தவர்களுக்குக் காப்பியையும் கவனித்துக்கொண்டிருந்தால் அவருக்கு அன்றைக்கு அழ நேரம் இருப்பதில்லை. நீங்கள்தான் அந்த ஒருவர் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், ‘நீடித்த துயரக் கோளாறு’ என்று ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. இறப்புக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் தாண்டியும், இறந்தவர் மேலான ஏக்கமோ நினைப்போ நாள் முழுவதும் விடாமல் வாட்டி, சாப்பாடு, வேலை, மனிதர்களோடு பழகுவது எல்லாம் நின்றுபோகிற நிலை அது. நீங்கள் பள்ளிக்கூடம் போகிறீர்கள், பாடம் நடத்துகிறீர்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்த நிலையில் நீங்கள் இல்லை. ஆனால் நினைவு நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெடலாம், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கலாம். இது பலருக்கு வருவதுதான், நாள் கடந்தால் தணியும். தணியாவிட்டால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எனக்கும் எழுதுங்கள்.

இப்போது அந்த நான்கு வரிக்கு வருவோம். ‘அன்பின் சிகரம்’ ஏன் ஓடவில்லை? அது உங்கள் அம்மாவைப் பற்றிய வரி இல்லை. கும்பகோணத்தில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் கண்ணீர் அஞ்சலி மாதிரிப் புத்தகத்தில் அந்த வரி இருக்கும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் தமிழாசிரியை. கை எழுத மறுத்தது சரியான மறுப்பு.

2005 ஜனவரியில் நாகப்பட்டினம் முகாம்களில் இருந்தேன். அப்போது எனக்கு இந்த வேலையில் அனுபவம் போதாது. மாமியாரைப் பறிகொடுத்த ஒரு மீனவப் பெண்ணிடம் உட்கார்ந்து ‘உங்களுக்கு எப்படி இருக்குது?’ என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மறுநாளும் அதே கேள்வி, அதே மௌனம். நான் செய்தது பிழை. மூன்றாம் நாள், எதேச்சையாக, ‘உங்க மாமியார் நல்லா சமைப்பாங்களா?’ என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து, சுறாப் புட்டுக்கு மாமியார் மீனை எப்படி அவித்து, தோலை எப்படி உரித்து, முள்ளை எப்படி எடுப்பார் என்று கையாலேயே செய்து காட்டினார். வீட்டில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை, எல்லாம் கடலோடு போயிருந்தது. அந்தக் கையசைவில்தான் மாமியார் இருந்தார். அரை மணி நேரம் பேசினார். அன்றையிலிருந்து துக்க வீட்டில் ‘எப்படிப்பட்டவர்?’ என்று நான் கேட்பதில்லை. ‘என்ன செய்வார், எப்படிச் செய்வார்?’ என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் வேதத்திலேயே இது இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் யோப்பா ஊரில் தபீத்தாள் இறந்துபோகிறாள். பேதுரு வந்ததும் விதவைகள் சுற்றி நின்று அழுதுகொண்டு, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். நல்லவள், தர்மவதி என்று ஆளாளுக்குப் புகழ்ந்து பேசியதாக அங்கே இல்லை. துணியைக் காட்டினார்கள். உங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் இந்தப் பகுதியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். எழுதப்போகும்போது ஒருமுறை திரும்பப் படியுங்கள். யாத்திராகமம் முதல் அதிகாரத்தையும் படியுங்கள். அங்கே ராஜாவின் கட்டளைக்குப் பணியாமல் பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றிய மருத்துவச்சிகள் இருவருக்கும் பெயர் இருக்கிறது: சிப்பிராள், பூவாள். அந்த ராஜாவின் சொந்தப் பெயரை அந்த அதிகாரம் சொல்லவில்லை. பிரசவ வார்டிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவரின் நினைவு ஆராதனையில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தோன்றவில்லை. ஐயரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அம்மாவின் அங்கிகள் எவை? அதை ஒருமாதத்தில் திரட்டலாம். வீட்டுப் பெட்டியில் தொடங்குங்கள். நர்ஸிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் இருக்கும். சென்னை மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் அம்மாவின் சான்றிதழ்களில் நர்ஸ் என்று ஒரு எண், மருத்துவச்சி என்று இன்னொரு எண், இரண்டும் இருக்கக்கூடும். அந்த எண்களை மலரில் போடுங்கள். சர்வீஸ் ரெஜிஸ்டரின் நகல் கிடைத்தால் எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை இடமாற்றம் என்பது தெரிந்துவிடும். கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் மூன்றும் இருக்கும். அவருடைய ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். எந்தப் பக்கம் விரல் பட்டுக் கறுத்திருக்கிறதோ அந்தப் பாட்டை அன்று பாடுங்கள்.

அவரை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியது யார் என்பதை உங்கள் பெரியம்மா, சித்தி யாராவது இருந்தால் அவசியம் கேட்க வேண்டும். இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. 1960-களில் ஒரு பெண் மூன்றரை வருடம் ஹாஸ்டலில் தங்கி, அந்நிய ஆண்களின் உடம்பைத் தொட்டுத் துடைத்து, இரத்தத்தையும் மலத்தையும் அள்ளும் வேலைக்குப் படிப்பது என்பது லேசான சங்கதி இல்லை. ‘நர்ஸ் பொண்ணா?’ என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்துபோன காலம். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பெண்கள் அதிகமாகப் போனதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். மிஷன் போர்டிங்கில் படித்த பெண்ணுக்கு முன்னால் இருந்த வழி பெரும்பாலும் இரண்டு, டீச்சர் வேலை அல்லது நர்ஸ் வேலை. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கரையிறங்கிய தரங்கம்பாடியில், 1718-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில், சுவர்க் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டு பலமுறை நின்றிருக்கிறேன். மிஷனரிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. வார்டில் நின்ற நம் ஊர்ப் பெண்களின் பெயர் வீட்டுப் பைபிளில் மட்டும்தான் இருக்கிறது என்ற வருத்தம் ஒவ்வொரு முறையும் எனக்கு வரும். நீங்கள் போடும் 16 பக்க மலரை வெறும் குடும்பச் சடங்காக நான் நினைக்காததற்கு அதுதான் காரணம்.

பிறகு மனிதர்கள். கிராமங்களுக்குப் போங்கள். டெல்டாவில் குழந்தை பிறந்த கதையைப் பருவத்தை வைத்துத்தான் சொல்வார்கள். ‘மேட்டூர்ல தண்ணி விட்டு குறுவை நடவு ஓடுற நேரம்’, ‘சம்பா அறுப்புக்கு முந்தி’, ‘அந்த வருஷம் வெள்ளத்துல ரோடு அறுந்திருந்துச்சு’ என்பார்கள். நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கிய பெண்ணின் காலை யார் கழுவினார்கள் என்று கேளுங்கள். 1980-களில் நின்றுபோன தரங்கம்பாடி ரயிலில் அம்மா டூட்டிக்குப் போயிருந்தால், கூட வந்தவர் யாராவது இருப்பார். நைட் டூட்டியில் சாப்பிட என்ன கொண்டுவருவார்? யாரைத் திட்டுவார், எப்படித் திட்டுவார்? பிரசவ வார்டு நர்ஸ் திட்டாமல் இருந்திருக்க மாட்டார், அதையும் கேளுங்கள். ‘தங்கமானவங்க’ என்று யாராவது ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்க’ என்று திருப்புங்கள்.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பிரசவ வார்டு நர்ஸுக்கு ஊரின் பாதி ரகசியம் தெரிந்திருக்கும். கல்யாணமாகாத பெண்ணின் பிள்ளை, மாமியாருக்குத் தெரியாமல் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாடு, செத்துப் பிறந்த குழந்தை, புருஷன் அடித்த காயம். உங்கள் அம்மா இவற்றை வீட்டில் என்றைக்காவது பேசினாரா? பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இப்போது நீங்கள் கேட்கப்போனால் சிலர் உருகி எல்லாவற்றையும் சொல்வார்கள். மற்றவர்களைப் பற்றியும் சொல்வார்கள். சம்பந்தப்பட்டவர் வாய்விட்டு ‘போடுங்க’ என்று சொன்னால் தவிரப் பெயரையும் ஊரையும் வருடத்தையும் மலரில் போடாதீர்கள். சின்ன ஊரில் வருடமும் தெருவும் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் வாய் திறக்காமல் கொண்டுபோனதை அவர் படத்துக்குக் கீழேயே நாம் அச்சடித்துவிடக் கூடாது.

திண்ணைக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திய இடம் அது.

நீங்கள் திண்ணையில் நின்றது 1970-களின் நடுவிலிருந்து 80-களின் தொடக்கம்வரை. எல்லாக் குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டம் விரிவாக வந்தது 1985-ல். அதற்கு முந்திய அரசு மருத்துவமனை வார்டை நினைத்துப் பாருங்கள். தொண்டை அடைப்பான், கக்குவான், தட்டம்மை, காசம், வாய்க்கால் தண்ணீரைக் குடித்து வந்த வாந்திபேதி. ஒருமுறை போட்டுக் கழற்றி எறிகிற கையுறை அப்போது கிடையாது. ரப்பர் கையுறையைக் கழுவி, காயவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, பவுடர் தடவி, மறுபடி அவித்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைப்பார்கள். ஒரு பிரசவம் பார்த்து முடித்தால் பனிக்குடத் தண்ணீரும் இரத்தமும் சேலையின் இடுப்புவரை இருக்கும். அந்தச் சேலையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது இரண்டு சின்னப் பிள்ளைகள் ‘அம்மா’ என்று ஓடி வருகிறார்கள். கையைக் காட்டி நிறுத்துவதைத் தவிர அவர் என்ன செய்திருக்க முடியும்?

இதைச் சொன்னதால் உங்கள் கோபம் போய்விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நோய்த்தொற்று என்றால் என்னவென்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அம்மா கையைக் காட்டித் தள்ளி நிறுத்தியது, கிணற்றில் வாளி இறங்கும் சத்தம், அதற்குள் பள்ளிக்கூட மணி. அம்மா செய்தது சரி. உங்களுக்கு வலித்ததும் நிஜம். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத உங்களால் முடியும். கோபத்தை விழுங்கிவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் எழுத முயன்றதால்தான் பேனா நான்காவது வரியில் நிற்கிறது என்பது என் கணிப்பு. அந்தக் காட்சியை முதலில் உங்களுக்காக எழுதுங்கள். கிணற்றடி எந்தத் திசையில் இருந்தது, எந்தச் சோப்பு, ஈரத் தலையோடு வந்து முதலில் யாரைத் தூக்குவார், எல்லாவற்றையும். எழுதி முடித்தபின் அதில் எது கோயிலுக்கு, எது மலருக்கு, எது உங்கள் மேசை இழுப்பறைக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

அண்ணனைப் பற்றி. அவர் பயப்படுவதும் அன்பினால்தான். அம்மா பெயருக்கு ஒரு கீறல் விழக் கூடாது என்று நினைக்கிறார். அவரோடு வாதாடாதீர்கள். திண்ணைக் காட்சியை எழுதி அவரிடமே முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவரும் அதே திண்ணையில் நின்றவர். கோயிலில் வாசிக்கும் பத்து நிமிடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வார்த்தைக்கு மேல் தேவையில்லை. அதில் இந்த விஷயத்துக்கு ஒரு வாக்கியம் போதும்: ‘அம்மா எங்களுக்குக் கிடைத்ததைவிட ஊருக்கு அதிகம் கிடைத்தார், சிறு வயதில் அது எங்களுக்கு வலித்தது.’ இதைக் கேட்டு எந்தச் சபையாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் நர்ஸ் வீட்டுப் பிள்ளைகளும், கண்டக்டர் வீட்டுப் பிள்ளைகளும், ஐயர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

சுனாமி நாட்களைப் பற்றி மட்டும் அண்ணன் பக்கம் நான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். உங்கள் அம்மா போயிருப்பது கிறிஸ்மஸ் சேலையில். ஓய்வு பெற்றவர், யாரும் கூப்பிடவில்லை, வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. அந்த ஆறு நாள் அவர் என்ன செய்தார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. நாங்கள் முகாமில் கேட்டவரைக்கும் அங்கே நின்ற நர்ஸுகள் காயத்திலிருந்து மணலைக் கழுவி எடுத்தார்கள், டி.டி. ஊசி போட்டார்கள், பெயர் தெரியாத உடல்களைத் துடைத்து முகம் தெரியும்படி கிடத்தினார்கள். அதைச் செய்துவிட்டு வந்த ஒருவர் வீட்டில் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. பெருமை வார்த்தை எதுவும் சேர்க்காமல் தேதியையும் சேலையையும் ஆறு நாளையும் மட்டும் எழுதுங்கள்.

குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் போன பிறகு அந்த இடம் யாருக்கு என்ற கேள்வியை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க இருக்கிறது. ஒரே ஆள் அந்த இடத்துக்கு வர வேண்டாம். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு எல்லாரையும் கூட்டுவது ஒருவர், அச்சு முறுக்குக்கு ஆள் சேர்ப்பது ஒருவர், சண்டை வந்தால் இரண்டு பக்கமும் போன் பேசுவது ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூத்த பெண் என்பதால் எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாகத் திடப்படுத்தல். நீங்கள் எழுதிய இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ‘குளிக்காமல் கோயில் படி ஏறியவர் இல்லை’ என்று முதல் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குருத்தோலை ஞாயிறன்று ‘வார்டு சேலையோடு வந்து கதவோரம் நின்றார்’ என்று மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் அந்த வழக்கத்தை மீறியதாக நீங்கள் சொல்லும் ஒரே நாள் அது. வீட்டுக்குப் போய்க் குளித்து வந்திருந்தால் கடைசிப் பாட்டும் முடிந்திருக்கும். அப்படியே வந்திருக்கிறார். வந்தவர், அந்தச் சேலையோடு யார் பக்கத்திலும் உட்காராமல், காற்று வரும் கதவோரமாக நின்றிருக்கிறார். எனக்கு இப்படித் தோன்றுகிறது. நான் அங்கே இருந்தவள் இல்லை. அன்று வார்டில் என்ன நடந்தது, ஏன் தாமதம், அவர் எதை விட்டுவிட்டு ஓடி வந்தார் என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்த ஆயாவைப் பாருங்கள். எண்பதைத் தாண்டியவர் என்கிறீர்கள், ஆகவே இந்த வாரமே போங்கள். அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனால் நல்லது. போகும்போது கடிகாரத்தைக் கொண்டுபோங்கள். நர்ஸுகளின் அந்தக் கடிகாரம் தலைகீழாகத் தொங்கும். ஒரு கையால் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் அவர்களுக்கு மட்டும் நேராகத் தெரியும். அதை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு, திடப்படுத்தல் நடந்த வருடத்தைச் சொல்லி, குருத்தோலை ஞாயிறு என்று சொல்லுங்கள். பிறகு அவர் பேசும்வரை சும்மா உட்கார்ந்திருங்கள். உடனே ஞாபகம் வராது, காப்பி குடித்து முடிகிறவரை பொறுங்கள். அவருக்கு அந்த நாள் நினைவில் இல்லாமலும் போகலாம். அப்படியானால் வேறு ஏதாவது ஒரு நாளைச் சொல்லச் சொல்லி, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.